தேன்கூட்டுப் பலகையும் என் காதும்

எனக்குக் காது கேட்பது குறைந்துவிட்டது என்பதை நான் தெரிந்துகொண்டது கல்லாற்றில். பொன்முடிக்குப் போகிற வழியில் காரை நிறுத்தி, ஆற்றோரக் கடை ஒன்றில் நானும் மனைவியும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவள் கிளாஸை வைத்துவிட்டு ஒரு காதைப் பொத்திக்கொண்டாள்.

"கேட்டியளா, இந்தச் சீவீடு சத்தம் மண்டைய துளைக்குல்லா. வாங்க, வண்டிக்குள்ள போய் இருப்போம்."

சில்வண்டைத்தான் இந்த ஊர் மலையாளத்தில் சீவீடு என்பார்கள். மனைவி நாகர்கோவிலிலிருந்து கல்யாணமாகி வந்தவள். இத்தனை வருடத்தில் அவள் பேச்சில் அதுவும் சேர்ந்துவிட்டது. நான் மரங்களைப் பார்த்தேன். ஆற்றுத் தண்ணீர் பாறையில் விழுகிற சத்தம் கேட்டது. ஒரு லாரி கியர் மாற்றி மேடேறுவது கேட்டது. சில்வண்டு கேட்கவில்லை. சிறிது நேரம் முயன்று பார்த்துவிட்டு, "ஆமா, ரொம்பத்தான்" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எழுந்து நடந்தாள்.

என் காது என் சொந்த விஷயமாக மட்டும் இருந்திருந்தால் இதை எழுத வேண்டியதில்லை. நான் வாழ்நாள் முழுவதும் அதிர்வுச் சோதனை செய்தவன். ராக்கெட்டில் போகப்போகிற சாமான்களைக் குலுக்கும் மேஜையில் பூட்டி, மேலே போகும்போது படப்போகிற ஆட்டத்தைத் தரையிலேயே கொடுத்துப் பார்க்கிற வேலை. அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, நகரத்துக்கு வெளியே செயற்கைக்கோள்களுக்குப் பேனல் செய்கிற ஒரு சிறிய கம்பெனி என்னை ஆலோசகராக அழைத்தது. வாரத்தில் சில நாள் போவேன். கார் அனுப்புவார்கள். உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர்கள் செய்வது தேன்கூட்டுப் பலகை. இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகள். நடுவில் தேன்கூட்டைப் போல அறுகோண அறைகளாக விரித்த அலுமினியத் தாள். இடையில் பசைப் படலம் வைத்துச் சூட்டில் அழுத்தினால், காகிதப் பெட்டிபோல லேசாகவும், ஆள் ஏறி நின்றாலும் வளையாததாகவும் ஒரு பலகை கிடைக்கும். செயற்கைக்கோளின் கருவிகளெல்லாம் அதன்மேல்தான் உட்காரும். ஆனால் எல்லாமே அந்தப் பசையை நம்பித்தான். ஓரிடத்தில் பசை பிடிக்காமல் போனால் கண்ணுக்குத் தெரியாது. அதற்காகத்தான் நாணயத்தின் விளிம்பால் தட்டிப் பார்ப்பது. ஒட்டிய இடம் கணீரென்று பேசும், ஒட்டாத இடம் மொத்தென்று பேசும். அல்ட்ராசோனிக் கருவிகள் வந்து எவ்வளவோ காலமாகியும் நாணயத்தை யாரும் விடவில்லை. என்னிடம் பழைய, கனமான ஒரு ரூபாய் நாணயம் ஒன்று இருந்தது. பர்ஸில் அதற்குத் தனி இடம். பழைய அலுவலகத்தில் ஒரு பேனலைப் பற்றிச் சந்தேகம் வந்தால், சார் தட்டிப் பார்த்தாரா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அந்தப் பேர் என்னோடு இந்தக் கம்பெனிக்கும் வந்தது. காது வரவில்லை.

நான் சொல்ல வந்த பேனல் பெங்களூரில் இருக்கிற ஒரு சின்னக் கம்பெனிக்காகச் செய்தது. எல்லோரும் சின்ன வயதுக்காரர்கள். அவர்களுடைய முதல் செயற்கைக்கோள். அப்போதைக்கு அவர்களிடம் இருந்தது அது ஒன்றுதான். ஒரு ராக்கெட்டில் ஓர் ஓரத்தில் அவர்களுக்கு இடம் கிடைத்திருந்தது. பேனல் குறித்த நேரத்தில் போய்ச் சேர்ந்தால்தான் கருவிகளைப் பூட்டி முடித்து அந்த இடத்தைப் பிடிக்க முடியும்.

சோதனையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் மெல்லக் குலுக்கிப் பேனலின் இயல்பான அதிர்வெண் எதுவென்று பார்ப்போம். அடுத்து முழு பலத்தோடு குலுக்குவோம். கடைசியில் மறுபடியும் மெல்லக் குலுக்குவோம். முதலும் கடைசியும் ஒன்றாக இருந்தால் பேனலுக்கு எதுவும் ஆகவில்லை என்று அர்த்தம்; பாஸ். இன்னொரு வழக்கமும் உண்டு. அதிர்வெண்ணைக் குறைவிலிருந்து ஆரம்பித்து மேலே ஏற்றிக்கொண்டே போவோம். மேலிருந்து கீழே இறக்கி ஓட்டுவதில்லை. ஏன் என்று நானும் யாரையும் கேட்டதில்லை. என்னையும் யாரும் கேட்டதில்லை. நல்ல பொருளுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதால் யாருக்கும் அது உறுத்தவில்லை. கோயில் மணியை மெல்ல அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் ஸ்ருதி மாறாது என்று நம்புவதைப் போலத்தான்.

அன்றைக்குச் சோதனையை நடத்தியவள் எங்கள் கம்பெனியின் என்ஜினீயர், முப்பது வயதைத் தாண்டிய பெண். அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். மெல்லக் குலுக்கியபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. பலத்தைக் கொஞ்சம் கூட்டினாள். திரையில் மலைபோல ஏறி மலைபோல இறங்க வேண்டிய கோடு, முன்னாடியே ஓரிடத்தில் சுவர்போல நிமிர்ந்து, பிறகு சரிந்தது. உச்சி இடது பக்கம் நகர்ந்திருந்தது. ஓங்கி அடித்தவுடன் மணியின் ஸ்ருதி இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேஜையில் பேனலைப் பிடித்திருக்கிற போல்ட் லூஸாக இருக்கும் என்றேன். எல்லாவற்றையும் முறுக்கிவிட்டு மறுபடி ஓட்டினார்கள். அதே சுவர்.

"சாரே, இது நான்லீனியர் அல்லே? ஒரு தடவை மேல இருந்து இறக்கி ஓட்டிப் பார்க்கட்டே? ஏறும்போது வர்றதவிட இறங்கும்போது ஆட்டம் கூட வரும்னு தோணுது. எங்கயோ பசை விட்டிருக்கு."

அடியின் பலத்துக்கேற்ப ஸ்ருதி மாறுவதைத்தான் நான்லீனியர் என்பது; அவள் சொன்னது பாடப்புத்தகத்துச் சரி. எனக்குத் தெரியும், நானே அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் வாடிக்கையாளரின் லாரி மறுநாள் வருவதாக இருந்தது. கம்பெனி முதலாளி, நல்ல மனிதர், மலையாளி, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சிரித்தபடி, "பேப்பர் எழுதறதுக்கு நல்ல விஷயம்மா. டெலிவரிக்கு ஆகாது" என்றேன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அதைச் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. முதலாளி சமாதானமாக ஒரு வழி சொன்னார். "சார் ஒண்ணு தட்டிப் பார்த்துச் சொல்லட்டும். பின்னே நமக்கு வேற என்ன வேணும்?"

ஏ.சி.யை நிறுத்தினார்கள். பம்பை நிறுத்தினார்கள். நான் பர்ஸிலிருந்து நாணயத்தை எடுத்தபோது அறையில் ஒருவரும் அசையவில்லை. கல்லாற்றுக்குப் போய் வந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. ஒரு மூலையில் ஆரம்பித்தேன். தட், தட், தட். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டது, தலையணையைத் தட்டுவதுபோல. கணீர் என்ற சத்தமே என் காதில் இல்லை. அது இல்லாமல் போனால் மொத்தென்பதைப் பிரித்து எடுப்பது எப்படி? நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும். அதனால் நிறுத்தாமல், வரிவரியாக, பழைய நாள்களில் செய்ததுபோலத் தலையைச் சாய்த்துக்கொண்டு தட்டிப் போனேன். நான்காவது மூலைக்கு வந்தபோது அவள் தலை நிமிர்வதைக் கண்டேன்.

"அங்க இன்னொரு தடவை கூட தட்டுங்க சாரே."

தட்டினேன். அதே இடத்தில் இல்லை. கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் மெதுவாக. தெரிந்துதான் அப்படிச் செய்தேன். பிறகு நிமிர்ந்து, "எல்லா இடத்திலும் ஒரே சத்தம்தான்" என்றேன்.

இத்தனை நாளும் இந்த வாக்கியத்தைத்தான் திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருக்கிறேன். அது பொய் இல்லை. என் காதுக்கு எல்லா இடத்திலும் ஒரே சத்தம்தான். ஆனால் அதைக் கேட்பவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தே சொன்னேன்.

முழு பலத்தோடு குலுக்கினோம், ஏறுமுகமாக மட்டும். கடைசியில் மெல்லக் குலுக்கியபோது ஆரம்பத்தில் வந்த அதே அதிர்வெண் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? மெல்லக் குலுக்கினால் விட்டுப்போன இடம் வாயே திறப்பதில்லை. ஓங்கிக் குலுக்கும்போதுதான் தகடு தூக்கி அடிக்கும். எங்கள் வழக்கப்படி பேனல் பாஸ். போல்ட் பிடிமானம் காரணமாக உச்சி நகர்ந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் லாரி வந்தது.

அதன் பிறகு வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண்ட பொருளையெல்லாம் தட்டத் தொடங்கினேன். எவர்சில்வர் குடம், பாத்திர மூடி, கதவு, வாஷிங் மெஷினின் பக்கத் தகடு. எங்காவது ஓரிடத்தில் வித்தியாசம் கேட்டுவிட்டால் போதும், என் காது சரிதான், அந்தப் பேனலும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது என்று நம்பிக்கொள்ளலாம். மனைவி அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"அந்த மூடிய எதுக்கு இந்தத் தட்டு தட்டுதிய? விக்கவா போறிய?"

சும்மாதான் என்றேன். தூக்கத்தில் அந்தப் பேனல் வந்தது என்று எழுதினால் அது அலங்காரமாகப் போய்விடும். தூங்கும்போது எதுவும் வரவில்லை. விழித்திருக்கும்போதுதான் வந்தது. செயற்கைக்கோள் முழுவதையும் பூட்டிய பிறகு பெங்களூரில் ஒருமுறை குலுக்குவார்கள். அப்போது அந்த மூலை பிளந்தால், அதன்மேல் இருக்கிற கருவிகளெல்லாம் போகும். அங்கே பிளக்காமல் ராக்கெட்டில் பிளந்தால் பக்கத்தில் இருக்கிறவர்களின் சாமானும் போகும். இதை நினைத்துக்கொண்டே மார்க்கெட்டில் சில்லறை வாங்க மறந்து வந்திருக்கிறேன். தம்பானூர் ரயில் நிலையத்துக்கு, ஊரிலிருந்து வந்த மைத்துனரைக் கூப்பிடப் போய், அறிவிப்பு புரியாமல் வேறு பிளாட்ஃபாரத்தில் நின்றேன்; அவர்தான் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

கடைசியில் தனியாக ஒரு காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே வந்ததும் பரிசோதித்த பெண் ஒரு கோட்டைக் காட்டி விளக்க ஆரம்பித்தாள். வேண்டாம் என்றேன். வாழ்நாள் முழுவதும் பார்த்த மாதிரிக் கோடுதான். குறைந்த அதிர்வெண்ணில் சமமாகப் போய், பாதி வழியில் சரிந்து, பிறகு பள்ளம். நாணயத்தின் சத்தம் அந்தப் பள்ளத்தில் கிடந்தது. எத்தனை நாளாக இப்படி இருக்கும் என்று கேட்டேன். வருடக் கணக்கில் என்றாள். அப்படியானால் இதற்கு முன்னால் நான் தட்டி அனுப்பிய பேனல்கள்? அந்தக் கேள்வி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவையெல்லாம் போய்விட்டன, கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"எனக்குத் தெரியாதாக்கும்? கல்லாத்துலயே தெரியும். நீங்க ரொம்பத்தான்னு சொல்லுதப்ப சீவீடு எல்லாம் நின்னு போயிருந்துல்லா."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சொல்லுவியன்னு பார்த்தேன்."

பேனலைப் பற்றியும் சொன்னேன். அவளுக்கு நான்லீனியர் என்பதெல்லாம் தேவைப்படவில்லை. அந்தப் பெண்ணிடம் முதலில் போய்ச் சொல்லுங்கள் என்றாள், அப்புறம் மற்றவர்களிடம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாலைக் கடைத்தெருவுக்கு, அந்தப் பெண்ணின் அப்பா கடைக்குப் போனேன். அவள் கடையில் இருப்பாள் என்று தெரியும். லீவு நாளில் அப்பாவுக்கு உதவியாகக் கல்லாவில் உட்காருவாள். போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் பாதி எனக்குக் கேட்காது. அவளுடைய அப்பா நாற்காலி போட்டு, டீ சொல்லி, சார் கடை தேடி வந்தது பெரிய விஷயம் என்றார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் ஒரு வாடிக்கைக்காரரைக் கவனிக்கப் போனதும் நான் சொல்லிவிட்டேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான்காவது மூலையில் வேண்டுமென்றே தள்ளித் தட்டினேன்.

அவள் கல்லாவை மூடினாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அந்த மூலையில சத்தம் மாறிச்சு சாரே. எனக்குக் கேட்டுது. சாருக்கும் கேட்டுதுன்னுதான் நினைச்சேன். கேட்டுக்கிட்டே டெலிவரிக்காக இல்லைன்னு சொல்றார்னு வச்சுக்கிட்டேன். இத்தனை நாளும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன்."

நான் தலை குனிந்திருந்தேன். செவிடன் என்று அல்ல, அயோக்கியன் என்றுதான் அவள் என்னை நினைத்திருக்கிறாள். அவள் நினைத்தது தவறு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

"காது கேக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் நின்னு கேட்டுச் சொல்லியிருப்பேனே."

அதற்குப் பிறகு அவள் பேசியதெல்லாம் வேலையைப் பற்றித்தான். பெங்களூரில் கருவிகளைப் பூட்டத் தொடங்கிவிட்டார்கள். குலுக்குகிற நாள் நெருங்கிவிட்டது. இன்றைக்கே முதலாளியிடம் சொல்ல வேண்டும். கடையிலிருந்தே இருவரும் ஆட்டோவில் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு, அவர்கள் சோதனையில் தானாகவே பாஸாகிவிட்டால் நாம் வீணாகக் கிளறிவிட்டதாக ஆகாதா என்று கேட்டார். ஏறுமுகமாக மட்டும் ஓட்டினால் பாஸாகலாம், அதுதான் பயம் என்று அவள் சொன்னாள். பிறகு எங்கள் எதிரிலேயே பெங்களூருக்குப் போன் செய்தார். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. ஆனால் போனில் அவர், சோதனை முறையில் ஒரு சந்தேகம் என்றுதான் சொன்னார். என் காதைப் பற்றிச் சொல்லவில்லை. எனக்காக மறைத்தார். நானும் திருத்தவில்லை.

பேனலைக் கழற்றி அனுப்புவதா வேண்டாமா என்று அவர்கள் யோசித்துச் சொல்வதாக இருந்தது. அந்த நாள்களில் போன் அடிப்பது கேட்காமல் போய்விடுமோ என்று அதை ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தால் தட்டு அதிரும். மேஜையில் வைத்த கைக்குத் தெரியும். நான் குளிக்கப் போனால் மனைவி அதன் பக்கத்தில் உட்காருவாள். யாரோ கடன் தருவதாகவும் வீடு விற்பதாகவும் போன் வரும்போதெல்லாம் தட்டு அதிர்ந்தது. கழற்றுகிறோம் என்று செய்தி வந்தபோது சந்தோஷப்படத் தெரியவில்லை. பூட்டியதையெல்லாம் பிரித்து, ஒயர்களை அவிழ்த்து, பேனலைத் திருப்பி அனுப்பினார்கள்.

அதே மேஜை. அதே போல்ட்டுகள். அவள் முதலில் ஏறுமுகமாக ஓட்டினாள், அதே சுவர். பிறகு அன்றைக்குக் கேட்டதைச் செய்தாள். மேலிருந்து மெல்ல இறக்கிக்கொண்டு வந்தாள்.

பேனல் முனகுவது கனத்த சத்தம். அது என் காதுக்கு நன்றாகவே கேட்கும். இறங்க இறங்க முனகல் வளர்ந்தது. ஏறும்போது உச்சி வந்த இடத்தைத் தாண்டியது. நின்றுவிடும் என்று நினைத்தேன், நிற்கவில்லை. தாண்டிப் போயும் வளர்ந்துகொண்டே இருந்தது. தரை என் செருப்புக்குள் நடுங்கியது. முதலாளி கையைத் தூக்கிப் போதும் என்று சொல்லப் போனார். அதற்குள் சட்டென்று எல்லாம் விழுந்தது. நெருப்பில் தண்ணீர் ஊற்றியதுபோல ஒரே அடியாக அமைதி. இதைத்தான் நான் பெங்களூருக்கு அனுப்பி வைத்திருந்தேன்.

நான் நாணயத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன். ஏ.சி.யை நிறுத்தினார்கள். அவள் தட்டிக்கொண்டு போனாள். எனக்குக் கேட்பதற்கு எதுவும் இல்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான்காவது மூலையில் அவள் கை நின்றது. மார்க்கர் பேனாவால் ஒரு வட்டம் போட்டாள், உள்ளங்கை அளவு. பின்னால் தகட்டை அறுத்துப் பிரித்தபோது அந்த வட்டத்துக்குள் பசை, வைத்தபடியே பளபளவென்று இருந்தது. தேன்கூட்டின் விளிம்பு அதில் பதிந்த அடையாளமே இல்லை.

புதிய பேனல் செய்து கொடுத்தோம். ஆனால் அந்த ராக்கெட்டில் அவர்களுக்கு இருந்த இடம் போய்விட்டது. அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கே நான் உண்மையைச் சொல்லியிருந்தால் புதியதைச் செய்து சரியான நேரத்துக்கு அனுப்பியிருக்க முடியும். முதலாளியும் அவளும் நானும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். நிச்சயமாக முடிந்திருக்கும்.

இதைப் பேசி முடிக்க ஒரு நாள் பெங்களூரிலிருந்து போனில் வந்தார்கள். மேஜைமேல் ஸ்பீக்கரில் போட்டிருந்தது. சுற்றிலும் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கம்பெனியை நடத்துகிற பையன் பேசினான். பையன் என்கிறேன்; என் மகனைவிடச் சின்னவன். முதலாளி சோதனை முறை, வழக்கம் என்று ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். பையன் குறுக்கிட்டு என் பெயரைச் சொல்லி எதையோ கேட்டான். பெயர் புரிந்தது, மற்றது கரகரப்பாகப் போய்விட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட நேரங்களில் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். தலையை ஆட்டிவிட்டு, பொதுவாக எதையாவது சொல்லித் தப்பித்துக்கொள்வேன். வருடக் கணக்காகச் செய்தது அதுதான். முதலாளி எனக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையைத் தொட்டு நிறுத்தினேன்.

"தம்பி, இன்னொரு தடவை சொல்லுங்க. எனக்குக் காது கேக்காது. அன்னைக்கும் கேக்கல."

அவன் முதல் கேள்வியை விட்டுவிட்டு, நிறுத்தி நிறுத்தி, உரக்க வேறொன்று கேட்டான்.

"காது கேக்கலன்னு தெரிஞ்சேதான் பாஸ் போட்டீங்களா சார்?"

ஆமாம் என்றேன்.